வழிகாட்டி எதைக் காட்டுகிறார்?

செமஸ்டர் விடுமுறை நெருங்கினால் மாணவர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே மாதிரியான விளம்பரம் சுற்றத் தொடங்கிவிடும். பச்சை கலந்த நீலக் கடல், நடுவில் கம்புகளின் மேல் நிற்கும் பலகை வீடு, மேலே "செம்போர்ணா: 3 தீவுகள், 1 நாள்" என்ற எழுத்து. வேன், படகு, மதிய உணவு, வழிகாட்டி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விலை.

இப்படிக் குழுவாக, வழிகாட்டியோடு ஊர் சுற்றுவதைக் கேலி செய்கிறவர்கள் நம்மிடையே உண்டு. ஆட்டுமந்தை என்பார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. நீரோட்டம் எப்போது திரும்பும், எந்தப் பவளத்திட்டில் படகு தட்டும் என்பதையெல்லாம் கைப்பேசி சொல்லாது. சிப்பாடானில் முக்குளிக்க நாளொன்றுக்கு இத்தனை பேர் என்று வரம்பு இருக்கிறது. மாணவர் ஒருவர் தனியாகப் போய் நின்றால் வேலை நடக்காது. 2000 ஏப்ரலில் அந்தத் தீவிலிருந்து 21 பேர் கடத்தப்பட்டதை நம் பெற்றோர் இன்னும் மறக்கவில்லை. "யாரோடு போற? மொத்தம் எத்தனை பேர்?" என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் கிடைத்த பிறகுதான் அம்மா என்னைப் பையைக் கட்டவே விட்டார்.

என் புகார் குழுவைப் பற்றியதல்ல. காசு வாங்கிக்கொண்டு கூட்டிப் போகிறவர் எதைக் காட்டுகிறார், எதைக் காட்டாமல் விடுகிறார் என்பதைப் பற்றியது.

எங்கள் கழகத்திலிருந்து 22 பேர் போனோம். போஹேய் டுலாங் மலை ஏறியதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூச்சு வாங்க மேலே போய்ச் சேர்ந்ததும், நாங்கள் நின்ற தீவும் எதிரே தெரிந்த போட்காயா தீவும் ஒரு பழைய எரிமலை வாயின் விளிம்புகள் என்று வழிகாட்டி விளக்கினார். கீழே பார்த்தால் வளைவு அப்படியே தெரிகிறது. புவியியல் பாடத்தில் இரண்டு வாரம் படித்தது அங்கே இரண்டு நிமிடத்தில் புரிந்தது.

அதன் பிறகு படகு கம்பு வீடுகளின் அருகே வேகம் குறைத்தது. "பத்து நிமிடம், படம் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். சிறு தோணிகளில் பிள்ளைகள் துடுப்புப் போட்டு வந்தார்கள். சிலருக்கு ஆறு வயதுகூட இருக்காது. புறப்படும் முன்பே படகுத்துறைக் கடையில் மிட்டாய் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். அது எதற்கு என்று அப்போதுதான் தெரிந்தது. பக்கத்துப் படகிலிருந்து யாரோ மிட்டாயைத் தண்ணீரில் வீச, பிள்ளைகள் குதித்து எடுத்தார்கள். கைப்பேசிகள் உயர்ந்தன. "இவர்கள் கடல் ஜிப்சிகள்" என்றார் வழிகாட்டி. அந்த மக்களைப் பற்றி நாள் முழுக்க அவர் சொன்ன ஒரே வாக்கியம் அதுதான்.

படகோட்டிப் பாக்சிக்கோ அந்தப் பிள்ளைகளோடு அவர்கள் மொழியிலேயே பேசிக்கொண்டிருந்தார். திரும்பும் வழியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். தானும் பஜாவ்தான், ஆனால் தன் குடும்பம் தாத்தா காலத்திலேயே கரையேறிவிட்டது என்றார். தாத்தா பிறந்தது லெப்பாவில். லெப்பா என்பது குடும்பமே வாழும் மரப் படகு. முன்புறம் சித்திர வேலைப்பாடு இருக்கும். இன்று ஏப்ரல் மாத ரெகாத்தா லெப்பா விழாவில் அதை அலங்கரித்து ஓட்டுகிறார்கள். இவ்வளவும் தெரிந்தவர் இயந்திரத்தின் அருகே வாய் மூடி உட்கார்ந்திருக்க, மைக் வேறொருவர் கையில் இருந்தது.

அந்த மக்கள் தங்களை சாமா டிலாவுட் என்கிறார்கள். நாம் பஜாவ் லாவுட் என்கிறோம். இன்றைய பிலிப்பீன்ஸ், மலேசியா, இந்தோனேசியா எல்லைக் கோடுகள் வருவதற்கு முன்பே இந்தக் கடலில் மீன் பிடித்து வாழ்ந்தவர்கள். இந்தோனேசியாவின் சுலாவெசியில் வாழும் பஜாவ் மக்களின் மண்ணீரல், பக்கத்து ஊர் மக்களுடையதைவிட ஏறக்குறைய 50 விழுக்காடு பெரியது என்று 2018இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. தலைமுறை தலைமுறையாக மூச்சடக்கி முக்குளித்ததன் விளைவு. உயிரியல் படிக்கும் 22 பேரைப் படகில் வைத்துக்கொண்டு இதைச் சொல்லாமல் விட ஒரு வழிகாட்டிக்கு எப்படி மனம் வந்ததோ!

கோடுகள் வந்த பிறகு அவர்களில் பலரிடம் எந்த நாட்டின் ஆவணமும் இல்லை. பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைக்கு அரசாங்கப் பள்ளியில் இடம் கிடைப்பது அரிது. 2024 ஜூனில் துன் சகாரான் கடல் பூங்காவுக்குள் இருந்த அவர்களின் வீடுகள் இடிக்கப்பட்டன, சில எரிந்தன. அனுமதியில்லாத 138 கட்டுமானங்கள் அகற்றப்பட்டதாக மாநில அரசு கூறியது. பாதுகாப்பையும் காரணம் காட்டியது. பூங்காவுக்குச் சட்டம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் விளம்பரத்தின் நடுவில் நிற்கும் அதே மாதிரி வீடுதான் இடிபட்டது. சுற்றுலாவுக்கு அழகான பின்னணி, சட்டத்துக்கு அத்துமீறிய கட்டுமானம்.

இது எங்கோ சபாவில் நடப்பது, நமக்கென்ன என்று கேட்பவர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பார்க்கலாம். என் பாட்டி தோட்டத்தில் பிறந்து, தோட்டத்தில் பால்மரம் சீவி, சிவப்பு அடையாள அட்டையோடுதான் கண்ணை மூடினார். ஒரு தேர்தலில்கூட வாக்களித்ததில்லை. இரண்டு கதைகளும் ஒன்றல்ல. பாட்டிக்கு ஏதோ ஓர் அட்டையாவது இருந்தது. ஆனாலும் "பேப்பர் இல்ல" என்ற சொல்லின் கனம் என்னவென்று தமிழ் மாணவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

"நாம் போகாவிட்டால் அவர்களுக்கு வருமானம் ஏது?" என்று தோழி ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மிட்டாய் வாங்கிய காசு படகுத்துறைக் கடைக்குப் போனது, பயணக் கட்டணம் நிறுவனத்துக்குப் போனது. அந்த வீடுகளுக்குப் போனது சர்க்கரை மட்டும்தான். ஒமடால் தீவின் பெண்கள் தாழை ஓலையில் தெப்போ பாய் முடைகிறார்கள். சபாவைச் சேர்ந்த கலைஞர் யீ ஐ-லான் அவர்களோடு சேர்ந்து உருவாக்கிய பாய்கள் வெளிநாட்டுக் கலைக்கூடங்கள்வரை போயிருக்கின்றன. எங்கள் பயணத் திட்டத்தில் ஒமடால் இல்லவே இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, "அங்கே படம் எடுக்க ஒன்றுமில்லை" என்று பதில் வந்தது.

பயணம் ஏற்பாடு செய்யும் கழகங்களுக்குப் பேரம் பேசும் பலம் இருக்கிறது. 20 பேர் சேர்ந்து முன்பணம் கட்டுகிறோம். ஆளுக்கு ஐந்து ரிங்கிட் குறைக்க அரை மணி நேரம் பேசுகிறோம். அந்த அரை மணி நேரத்தில் வேறு சிலவற்றையும் கேட்கலாம். 1992ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில் சட்டப்படி நிறுவனத்துக்கும் வழிகாட்டிக்கும் உரிமம் வேண்டும். எண்ணைக் காட்டச் சொல்லலாம். வழிகாட்டி அந்த ஊர்க்காரரா, அங்குள்ளவர்களின் மொழி பேசுவாரா? இல்லையென்றால் பேசத் தெரிந்த படகோட்டிக்குக் கூடுதல் ஊதியம் கொடுத்து அவரைப் பேசவிடுவார்களா? வீடுகளின் அருகே படகு நிற்குமா? நிற்குமானால் யாருடைய சம்மதத்தோடு? கடைசிக் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் வேறு நிறுவனம் பாருங்கள்.

எங்கள் கழகம் அடுத்த பயணத்தை ரெகாத்தா லெப்பா நேரத்தில் வைக்க முடிவு செய்திருக்கிறது. மூன்று தீவுகளுக்குப் பதில் ஒரே தீவு, இரண்டு இரவு, பாய் முடைபவர்களோடு ஒரு முழு நாள். அதற்கு அவர்கள் கேட்கும் கூலி. ஆளுக்குச் செலவு கூடியதால் நான்கு பேர் பெயரை எடுத்துவிட்டார்கள். அவர்களில் இருவர் பகுதி நேர வேலை பார்த்துப் படிப்பவர்கள். அந்த இருவருக்காக மற்றவர்கள் எவ்வளவு கூடுதலாகப் போடுவது என்பதைத்தான் இந்த வாரக் கூட்டத்தில் பேசப் போகிறோம்.