பூட்டிய அறையும் பொதுக் கருவியும்

தமிழ் பயிலும் மாணாக்கனுக்கு எக்ஸ்-கதிர்க் கருவியைப் பற்றிப் பேச என்ன உரிமை உண்டென்று அறிவியற் பகுதி நண்பர்கள் நகைக்கக்கூடும். நகைக்குமுன் சென்ற ஆண்டு யான் கண்ட காட்சியொன்றைக் கேட்பாராக.

மயிலையில் எங்கள் தெருவில் வாழும் அக்காள் ஒருவர் வேதியியலில் ஆராய்ச்சி செய்து வருகிறார். பல திங்கள் உழைத்து ஆக்கிய கற்கண்டுத் துகள்போன்ற படிகங்கள் சிலவற்றைச் சிறு குப்பியில் இட்டு, அவற்றின் உள்ளமைப்பை அறியவேண்டி நகரின் தென்பகுதியிலுள்ள ஒரு கல்விக்கூடத்திற்குச் சென்றார். துணைக்கு யானும் சென்றேன். கூடத்தின் பெயர் ஈண்டு வேண்டா. கருவியறை பூட்டியிருந்தது. கண்ணாடிச் சாளரத்தின் வழியே நோக்கினோம். கருவியின்மேல் துணி போர்த்தியிருந்தது. முகப்பில் ஆயுத பூசையன்று இட்ட சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. வாங்கிய துறையினர்க்கே அஃது உரியதென்றும், பிறர் பொருளை ஏற்கும் வழக்கம் இல்லையென்றும் அங்கிருந்தோர் பணிவாகவே கூறினர். குப்பியோடு பேருந்தில் திரும்பினோம். வீடு வந்து சேரும்வரை அக்காள் ஒன்றும் பேசவில்லை.

அக்கருவியின் செயல் வியப்புக்குரியது. படிகத்தினுள் அணுக்கள், வரிசை பிடித்து நட்ட நாற்றுகள்போல் ஒழுங்குபட நிற்கின்றன. அவ்வரிசைகளின் இடைவெளியோ, ஒரு சென்டிமீட்டரைப் பத்துக்கோடிக் கூறாக்கினால் அவற்றுள் சில கூறுகளின் அளவே. எக்ஸ்-கதிரின் அலைநீளமும் ஏறத்தாழ அத்துணை நுண்ணியதாதலின், கதிர் அவ்வரிசைகளிற் பட்டுக் குறித்த சில கோணங்களில் மட்டும் வலுத்து வெளிப்படும். இதனை 1912-இல் ஜெர்மனியில் மாக்ஸ் பான் லாவே என்பார் காட்டினார். அடுத்த ஆண்டே பிராக் என்னும் தந்தையும் மகனும் அக்கோணங்களைக் கொண்டு அணுக்களின் இருப்பிடத்தைக் கணித்தனர். 1915-இல் நோபெல் பரிசு பெற்றபோது மகனார்க்கு வயது 25. (இதனை அறிந்த நாளன்று பௌதிகம் பயிலும் என் தோழர் ஒருவர் சரியாக உண்ணவில்லை.)

இனி நம் ஊர்ச் செய்தி. 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகப் பௌதிகத் துறைக்குத் தலைவராய் வந்த ஜி. என். இராமச்சந்திரன், துணைவேந்தர் இலட்சுமணசாமி முதலியாரின் ஆதரவோடு கிண்டியில் எக்ஸ்-கதிர் ஆய்வுக்கூடம் ஒன்றை அமைத்தார். அங்கு வந்த பெர்னால் என்னும் லண்டன் அறிஞர், கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் தெளிவுபடவில்லை என்றார். தோலிலும் எலும்பிலும் தசைநாணிலும் நிறைந்திருப்பது அப்புரதம். இராமச்சந்திரனிடம் கருவி இருந்தது. ஆய்தற்குரிய பொருள் இல்லை. அணித்தே அடையாற்றில், 1948-இல் தோன்றிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. கங்காருவின் வால் தசைநாண் அங்கிருந்து கிடைத்தது. அவரும் கோபிநாத் கர்த்தாவும் மூன்று இழைகள் முறுக்குண்ட அமைப்பைக் கண்டு, 1954-இல் 'நேச்சர்' இதழில் உலகுக்கு அறிவித்தனர். "எம் பொருள் எமக்கே" என்று தோல் நிலையத்தார் கைம்மூடியிருப்பின், அப்புகழ் கிண்டிக்கு வந்திருக்குமோ?

தமிழ் மாணாக்கராகிய எமக்கு இது புதிதன்று. உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராய் அலைந்து பிறர் வீட்டுப் பரண்களினின்றும் ஏடுகளைப் பெற்றிராவிடில், யாம் இன்று பாடங்கேட்கும் நூல்கள் பல கறையானுக்கு இரையாகியிருக்கும். அவர் பெயரால் அமைந்த நூல்நிலையம் பெசன்ட் நகரில் இன்றும் உளது. ஏட்டைப் பூட்டிவைத்தவர்களும் அதனை மதித்தே பூட்டினர், பூசையும் செய்தனர்.

கருவி மென்மையானது, விலை மிக்கது, கதிர்க்குழாய் நாளடைவில் தேய்வது, பலர் கைபட்டாற் பழுதாகும் என்பர். இவ்வாதம் முழுதும் பொய்யன்று. ஆயின் பலர் கைபட வேண்டுவதில்லையே! பயின்ற ஒருவர் இயக்க, ஏனையோர் தம் பொருளைக் கொடுத்து முறைக்குக் காத்திருக்கலாம். உண்மைக் குறை வேறிடத்தில் உளதென்பது என் துணிபு. கருவி வாங்கப் பெருந்தொகை தருவோர், அதனை இயக்குவார்க்கு மாதச் சம்பளம் தர மறந்துவிடுகின்றனர். ஆள் இல்லாத அறை பூட்டப்படாமல் என் செய்யும்? 2020 சனவரியில் இந்திய அரசினர் தொடங்கிய 'ஐ-ஸ்டெம்' இணையவாயிலில் எக்கருவி எங்குளதென்று பார்த்து முறைகேட்டுப் பதியலாம். நன்றே. எனினும் பட்டியலிற் பெயர் ஏறியதும் கதவு தானே திறந்துவிடாது.

திறந்த கதவும் நம் பக்கத்திலேயே உண்டு. ஐ.ஐ.டி. வளாகத்தில் மத்திய அரசின் உதவியால் நடைபெறும் 'சைப்' என்னும் பொதுக் கருவி நிலையம், வெளிக் கல்லூரியார் கொணரும் படிகங்களையும் கட்டணம் பெற்று ஆய்ந்து தருகிறது. அக்காளின் குப்பியும் முடிவில் அங்கேதான் சென்றது. கட்டணத்தை அவர் தம் உதவித்தொகையினின்றும் செலுத்தினார். அத்திங்கள் வீட்டிற்கு ஒன்றும் கொடுத்திலர்.

ஆதலின் நம் கல்லூரித் தலைவர்க்கும் பழைய மாணவர் சங்கத்தார்க்கும் ஒரு விண்ணப்பம். புதிய கருவியொன்று வாங்கிப் பெயர்க்கல் பதிக்குமுன், பொது நிலையங்களுக்குப் பொருள் அனுப்பும் நம் ஆராய்ச்சி மாணாக்கரின் கட்டணத்தில் பாதியையேனும் ஏற்கும் சிறு நிதி ஒன்றை இவ்வாண்டே தொடங்குக. நம்மிடம் உள்ள கருவிகளின் பட்டியலையும், ஒவ்வொன்றின் திறவுகோல் யாரிடம் உளதென்பதையும் அடுத்த மலரில் வெளியிடுக.