அயர்லாந்தின் மேற்குக் கரையில் எட்டு நாள்

விடுமுறைப் பிரயாணம் என்றால் நம்மில் பெரும்பாலோருக்கு ஒரு முறை உண்டு. பார்க்கவேண்டிய இடங்களுக்கு ஜாபிதா எழுதிக்கொள்வது. விடியற்காலையில் குழந்தைகளை எழுப்பி விரட்டுவது. ஒவ்வோர் இடத்திலும் கால்மணி நேரம் நின்று புகைப்படம் பிடிப்பது. வீடு திரும்பிய பிறகு, எந்தப் படம் எந்த ஊரில் பிடித்தது என்று குடும்பத்தோடு உட்கார்ந்து விவாதிப்பது. இந்த முறையில் எத்தனையோ சௌகரியங்கள் இருக்கின்றன. ஆனால் உலகத்தில் சில இடங்கள் இந்த முறைக்கு இணங்குவதில்லை. அவற்றின் தலைசிறந்த காட்சி கண்ணுக்குப் புலப்படாது, காதுக்குத்தான் புலப்படும்.

அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில், கெர்ரி ஜில்லாவில், அட்லாண்டிக் சமுத்திரத்துக்குள் நீண்டிருக்கும் டிங்கிள் தீபகற்பம் அத்தகைய ஓர் இடம். அவ்வூர் ஜனங்கள் தங்கள் பாஷையில் அதைக் 'கோர்க்க கீனே' என்கிறார்கள். கண்ணுக்கும் அங்கே குறைவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுமார் 950 மீட்டர் உயரமுள்ள பிராண்டன் மலை சமுத்திரத்தின் ஓரத்திலேயே எழுந்து நிற்கிறது. இஞ்ச் என்னுமிடத்தில் சுமார் ஐந்து கிலோமீட்டர் நீளத்துக்கு மணற்கரை. வேறு பல இடங்களில் செங்குத்தான பாறைகள். பாறைகளுக்கு மேலே கல் வரப்பிட்ட சின்னஞ்சிறு பச்சை வயல்கள். மழை அடிக்கடி வரும். வந்தது போலவே போய்விடும். போனதும் மலையும் கடலும் அப்பொழுதுதான் வர்ணம் தீட்டி வைத்தாற்போல் இருக்கும்.

எனினும் உலகத்தில் இதைப்போல் கடற்கரைகள் வேறு உண்டு. இந்தத் தீபகற்பத்தின் மேற்குப் பாதிக்கு மட்டும் உரிய விசேஷம், அங்கே கடைத்தெருவிலும் அடுப்பங்கரையிலும் ஐரிஷ் பாஷை இன்னும் வழங்குகிறது என்பதுதான்.

"அயர்லாந்தில் ஐரிஷ் பாஷை வழங்குவது ஓர் அதிசயமா?" என்று வாசகர் கேட்கலாம். அதிசயந்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் அந்நாட்டு ஜனங்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஐரிஷ் பேசினார்கள். 1845-ல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. அதைத் தொடர்ந்த பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் மாண்டார்கள். இன்னும் பத்து லட்சம் பேர் கப்பலேறிப் போனார்கள். மாண்டவர்களிலும் போனவர்களிலும் மிகுதியானோர் ஐரிஷ் பேசிய ஏழைகளே. மிஞ்சியவர்கள், அமெரிக்கா போகப்போகிற பிள்ளைக்கு ஐரிஷ் எதற்கு என்று இங்கிலீஷையே வீட்டிலும் பேசத் தலைப்பட்டார்கள். பாஷை மேற்குக் கடலோரத்து மூலைகளில் ஒதுங்கிற்று.

பிறகு தேசிய விழிப்பு வந்தது. பாஷையை உயிர்ப்பிப்பதற்கென்று 1893-ல் கேலிக் சங்கம் ஸ்தாபிக்கப்பட்டது. 1922-ல் சுயராஜ்யம் கிடைத்தது. 1937-ஆம் வருஷத்து அரசியல் சட்டம் ஐரிஷையே முதல் ஆட்சிமொழி என்று பிரகடனம் செய்தது. பள்ளிக்கூடங்களில் அது கட்டாய பாடமாயிற்று. 2007-ல் ஐரோப்பிய யூனியனின் ஆட்சிமொழிகளிலும் ஒன்றாயிற்று. இவ்வளவு கௌரவத்துக்கும் பலன் என்ன? 2022-ஆம் வருஷத்து ஜனக்கணக்கில், ஐரிஷ் பேசத் தெரியும் என்று சொன்னவர்கள் சுமார் 18 லட்சத்து 70 ஆயிரம் பேர். பள்ளிக்கூடத்துக்கு வெளியே தினந்தோறும் பேசுகிறோம் என்று சொன்னவர்கள் சுமார் 72 ஆயிரம் பேர்! சுதந்திரம் வந்துவிட்டால் தாய்பாஷை தானே தழைத்துவிடும் என்று நம்பும் எந்த நாட்டாரும் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்துப் பார்ப்பது நல்லது. சட்டம் ஒரு பாஷைக்குச் சிங்காசனம் அளிக்கலாம். உயிர் அளிப்பது, "சாப்பிட வா" என்று குழந்தையைக் கூப்பிடும் தாயார்தான்.

அந்தத் தாய்மார்களை இன்றும் சந்திக்கக்கூடிய இடங்களில் ஒன்று கோர்க்க கீனே. ஆகவே, அங்கே போகிறவர்கள் பிரயாணத்தையும் அதற்குத் தகுந்தபடி அமைத்துக்கொள்ளவேண்டும்.

முதலில் காலம். ஜூலையும் ஆகஸ்டும் கூட்டம் மிகுந்த மாதங்கள். மே, ஜூன், செப்டம்பர் மாதங்கள் உசிதமானவை. ஜூன் மாதத்தில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். குழந்தைகளைத் தூங்கவைப்பது சற்றுக் கடினமான காரியம். மழைச்சட்டை எந்த மாதத்திலும் அவசியம். பலத்த காற்றில் குடை நிற்காது.

அடுத்தபடி வழி. ஐரோப்பாவுக்குப் பொதுவாகக் கொடுக்கப்படும் ஷெங்கன் விஸா அயர்லாந்துக்குச் செல்லாது. அந்நாட்டு விஸாவைத் தனியாக விசாரித்துக்கொள்ளவேண்டும். டப்ளினிலிருந்து ட்ரலீ நகரத்துக்கு ரயிலில் சுமார் நாலு மணி நேரம். அங்கிருந்து டிங்கிள் பட்டணம் ஐம்பது கிலோமீட்டர், பஸ் உண்டு. சொந்தமாக மோட்டார் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு சௌகரியம், அங்கேயும் நம்மைப்போல் சாலையின் இடது பக்கந்தான். ஓர் அசௌகரியம், ஐரிஷ் வழங்கும் பகுதியில் ஊர்ப் பலகைகள் ஐரிஷில் மட்டுமே இருக்கும். தேசப்படத்தில் 'டன்குவின்' என்று கண்டது பலகையில் 'டூன் கீன்' என்றிருக்கும். இரண்டு பெயரும் போட்ட படம் ஒன்று கையில் இருக்கவேண்டும். இன்னொரு எச்சரிக்கை: ஐரிஷில் 'ம்னா' என்றால் ஸ்திரீகள், 'ஃபிர்' என்றால் புருஷர்கள். கதவில் 'எம்' என்ற இங்கிலீஷ் எழுத்தைக் கண்டதும் 'மென்' என்று ஊகித்து அவசரமாக உள்ளே நுழையும் கனவான்கள் அவசரமாகவே வெளியே வர நேரிடும்.

மூன்றாவதாக, தங்குமிடம். இதுதான் முக்கியம். கோடையில் அயர்லாந்தின் மற்றப் பகுதிகளிலிருந்து பள்ளிப் பிள்ளைகள் ஐரிஷ் கற்பதற்காக இம்மாதிரிக் கடலோரக் கிராமங்களுக்கு வந்து சுமார் மூன்று வாரம் தங்குகிறார்கள். அவர்களுக்கு இடமும் உணவும் அளித்து, சாப்பாட்டு மேஜையில் ஐரிஷிலேயே பேசவைக்கிறவளை 'பான் அன் டீ' என்கிறார்கள். வார்த்தைக்கு வார்த்தை, 'வீட்டின் பெண்'. நம்முடைய 'இல்லாள்' என்ற பதத்துக்கு இவ்வளவு சரியான ஜோடி வேறு பாஷையில் கிடைப்பது அரிது. இப்படி மாணவர்களை வைத்துக்கொள்ளும் குடும்பங்களுக்கு அரசாங்கம் உதவித்தொகை தருகிறது. பெரியவர்களுக்கும் பாலிஃபெரிட்டர் கிராமத்தில் வகுப்புகள் நடப்பதுண்டு. குடும்பம் வசிக்கும் வீட்டிலே அறை எடுத்துக்கொண்டு, இயன்றால் காலை வேளையில் வகுப்புக்கும் போய்விட்டு, பிற்பகலில் ஊர் சுற்றுவது மிகவும் நல்லது. ஆகாரத்தைப் பற்றிச் சைவர்கள் கவலைப்படவேண்டாம். ரொட்டி, வெண்ணெய், பால், பாலாடைக்கட்டி, உருளைக்கிழங்கு இவை அந்த நாட்டுச் சிறப்புக்களே.

ஐரிஷ் கற்பது நமக்குக் கஷ்டமல்லவா? எழுத்துக்கூட்டு கஷ்டந்தான், எழுதியது ஒன்று, உச்சரிப்பது ஒன்று. ஆனால் பேச்சின் போக்கிலே தமிழருக்குச் சில பழைய சிநேகிதங்கள் காத்திருக்கின்றன. "நான் பணத்தை உடையேன்" என்று சொல்வதற்கு இங்கிலீஷில் ஒரு வினைச்சொல் இருக்கிறது, ஐரிஷில் இல்லை. "என்னிடம் பணம் இருக்கிறது" என்றுதான் ஐரிஷ்காரனும் சொல்லவேண்டும். ஆம், இல்லை என்பவற்றுக்கு ஐரிஷில் தனிச் சொற்கள் கிடையா. "சாப்பிட்டாயா?" என்றால், "சாப்பிட்டேன்" என்று வினைச்சொல்லாலேயே பதில். நாமும் பாதி வேளை அப்படித்தானே பேசுகிறோம்? நமக்கு வினை வாக்கியத்தின் கடைசியில் வரும். அவர்களுக்கு முதலிலேயே வந்துவிடும். இது உறவுமுறையல்ல; இரு பாஷைகளும் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. தமிழின் குடும்பம் இன்னதென்று 1856-ல் ஒப்பிலக்கணம் எழுதி விளக்கிய கால்ட்வெல் பாதிரியார், 1814-ல் அயர்லாந்தின் வடகோடியிலுள்ள ஆன்ட்ரிம் ஜில்லாவில் பிறந்தவர் என்பது மட்டும் நினைவில் வைக்கத் தகுந்தது.

வழியில் எதிர்ப்படுகிறவர் "டீயா க்வித்" என்பார். கடவுள் உமக்குத் துணை என்று பொருள். அதற்குப் பதில் கடவுளோடு மேரி மாதாவையும் சேர்த்துச் சொல்வது. வாங்கின பாத்திரத்தை வெறுமையாய்த் திருப்பிக் கொடுக்காத நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு இந்த மரியாதை உடனே விளங்கும். வந்தனத்துக்கு "குர மஹ் அகுத்". இந்த இரண்டைச் சொல்லத் தெரிந்தாலே, கடைக்காரர் முகத்தில் ஒரு மாறுதலைக் காணலாம்.

இனி, பார்க்கவேண்டியவை. டிங்கிள் பட்டணத்திலிருந்து புறப்பட்டு ஸ்லே முனையைச் சுற்றித் திரும்பும் வட்டச் சாலை சுமார் 47 கிலோமீட்டர். கடிகார முள் சுற்றும் திசையிலேயே போகவேண்டும். சாலை குறுகலானது, பெரிய வண்டிகள் அந்தத் திசையில்தான் வரும். வழியில் காலரஸ் என்னுமிடத்தில் கவிழ்த்த படகு போன்ற ஒரு சிறு கற்கோயில் இருக்கிறது. சாந்து பூசாமல், கல்லின்மேல் கல்லைச் சிறிது சிறிதாக உள்ளே தள்ளி அடுக்கியே கூரையையும் முடித்திருக்கிறார்கள். அது கட்டிய காலத்தை ஏழாம் நூற்றாண்டு முதல் பன்னிரண்டாம் நூற்றாண்டு வரையில் அறிஞர்கள் பலவிதமாகச் சொல்கிறார்கள். அவர்கள் முடிவு செய்கிற வரையில் அந்தக் கோயில் விழாமல் இருக்கும் என்றே தோன்றுகிறது. ஓகம் என்னும் பண்டைக் கோட்டெழுத்துப் பொறித்த கற்களும் இந்தத் தீபகற்பத்தில் மிகுதி.

இரவில் சங்கீதம் கேட்கவேண்டுமானால் மதுக்கடைக்குத்தான் போகவேண்டும். மதுவிலக்கு அன்பர்கள் திகைக்கவேண்டாம். தேநீர் கேட்டாலும் கொடுப்பார்கள். பெற்றோருடன் குழந்தைகளும் இரவு ஒன்பது மணி வரையில், கோடையானால் பத்து மணி வரையில், உட்காரலாம். வாத்தியக்காரர்களின் ஆசனத்தில் உட்காரக்கூடாது. பக்கவாத்தியம் இல்லாமல் ஒருவர் தனியாகப் பாட ஆரம்பித்தால் பேச்சை நிறுத்திவிடவேண்டும். நம் கச்சேரிகளில் நாம் இன்னும் முழுமையாகக் கற்காத வழக்கம் இது.

எட்டு நாளில் இரண்டு நாளைப் பெரிய பிளாஸ்கெட் தீவுக்கு ஒதுக்கிவையுங்கள். தீவு டூன் கீன் கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தூரந்தான். ஆனால் கடல் கொந்தளித்தால் படகு போகாது. ஆகையால்தான் இரண்டாவது நாள். சுமார் ஐந்து கிலோமீட்டர் நீளமுள்ள இத்தீவில் ஜனங்கள் மிகுந்திருந்த காலத்திலும் இருநூறு பேர் இல்லை. வைத்தியர் இல்லை, கடை இல்லை. அத்தகைய இடத்திலிருந்து வெளிவந்த புஸ்தகங்கள் ஐரிஷ் இலக்கியத்தில் நிலைத்துவிட்டன. மீனவர் டொமாஸ் ஓ கிரிஹன் எழுதிய 'தீவான்' 1929-லும், முரிஷ் ஓ ஸூலவானின் 'வளர்ந்த இருபது வருஷம்' 1933-லும் வெளிவந்தன. பெக் ஸேயர்ஸ் என்னும் கதை சொல்லும் மூதாட்டி தம் சரித்திரத்தை மகனிடம் சொல்லி எழுதுவித்தார்; அது 1936-ல் வெளியாயிற்று.

அந்தத் தீவின் முடிவு மிகவும் வருத்தமானது. இளைஞர்கள் அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டேயிருந்தார்கள். 1946-47 குளிர்காலத்தில் ஒரு வாலிபன் மூளைக்காய்ச்சலால் மாண்டபோது, புயலினால் வைத்தியர் வந்து சேர முடியவில்லை. 1947-ல் உணவில்லை என்று பிரதம மந்திரி டி வலேராவுக்குத் தீவார் தந்தி கொடுத்தார்கள். 1953 நவம்பரில், எஞ்சியிருந்தவர்களை அரசாங்கம் கரையேற்றத் தொடங்கிற்று. ஐரிஷை முதல் ஆட்சிமொழியாக்கிய தேசத்தில், அதை மிகச் செழிப்பாகப் பேசிய ஒரு கிராமம் ஆளில்லாமல் போயிற்று. இப்பொழுது அங்கே கூரையற்ற சுவர்களும், செம்மறி ஆடுகளும், கரையில் படுத்திருக்கும் கடல் நாய்களுந்தான். 2020-ல், கோடையில் தீவில் தங்கி அங்குள்ள சிறு விடுதியைக் கவனிக்க ஆள் வேண்டும் என்று விளம்பரம் செய்தபோது, உலகெங்கிலுமிருந்து பல்லாயிரம் விண்ணப்பங்கள் வந்தன! வாழ முடியாமல் போன இடத்துக்கு விருந்தாளிகளாக வருவதற்கு ஆள் பஞ்சமில்லை.

இதில்தான் நாம் யோசிக்கவேண்டிய விஷயம் இருக்கிறது. விருந்தாளிகளால் அந்தக் கரைக்கு வருமானம் உண்டு. 1983-ல் டிங்கிள் துறைமுகத்துக்குத் தானாக வந்த 'ஃபங்கி' என்ற ஒரே ஒரு டால்பின், 2020-ல் மறையும் வரையில் பல குடும்பங்களின் படகுத் தொழிலைக் காப்பாற்றிற்று. ஆனால் விருந்தாளிகள் விரும்பி வாங்கும் வீடுகள் குளிர்காலம் முழுவதும் பூட்டிக் கிடக்கின்றன. விலை ஏறிவிடுவதால், அங்கேயே பிறந்து ஐரிஷ் பேசும் இளந்தம்பதிகளுக்கு வீடு கிடைப்பதில்லை. அவர்கள் வெளியேறினால் அடுத்த தலைமுறைக் குழந்தையைச் "சாப்பிட வா" என்று அழைக்க ஆள் ஏது? அழகுக்காகவும் பாஷைக்காகவும் வருகிறவர்களே அந்தப் பாஷையின் வீட்டைக் காலி செய்துவிடலாம்.

ஆகையால் பூட்டிய பங்களாவை வாடகைக்கு எடுக்காமல், குடித்தனம் நடக்கும் வீட்டில் தங்குங்கள். கூட்டமில்லாத மாதத்தில் போங்கள். தெரிந்த இரண்டு வார்த்தைகளைக் கூச்சமின்றிச் சொல்லுங்கள். எட்டு நாளில் ஒரு நாளையாவது ஜாபிதாவில் ஒன்றும் எழுதாமல் விட்டுவையுங்கள். அன்று மழை பெய்தால் நல்லதே. சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டின் பெண் தன் பேரனோடு பேசுவதைக் காது கொடுத்துக் கேளுங்கள். ஒரு வார்த்தைகூட விளங்காமற் போகலாம். அதனால் பாதகமில்லை; பேரனுக்கு விளங்குகிறதல்லவா?