வளைந்த நாற்காலி

வீட்டுச் சாமான்களில் வட்டமும் வளைவும் சீமான்களுக்கே உரிய ஆடம்பரம் என்று எண்ணுவோர் பலர். நேர்க்கட்டை, கூர்மூலை என்றால் வேலையும் குறைவு, விலையும் குறைவு என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கைப் பொய்யாக்கியவர், ரைன் நதிக்கரையிலே பிறந்து 1842-ல் வியன்னா நகரில் குடியேறிய மிக்கேல் தோனெத் என்னும் தச்சர். அவருடைய 14-ஆம் எண் நாற்காலி 1859-ல் வெளிவந்தது.

பலகையை வளைவாக அறுத்தால் மரத்தின் நார்கள் குறுக்கே துண்டுபடும். பாரம் ஏறியதும் அவ்விடத்திலேயே முறியும். தோனெத் அறுக்கவில்லை. பீச் மரக் கழியை நீராவியில் வேகவைத்து, இரும்பு அச்சிலே வளைத்தார். வளையும்போது வெளிப்புறம் இழுபட்டுக் கிழிந்துவிடும் அல்லவா? அதைத் தடுக்க அப்புறத்தில் ஓர் இரும்புப் பட்டையை இறுகப் பிணைத்தார். யுக்தியெல்லாம் அந்தப் பட்டையில்தான் இருக்கிறது! உலர்ந்த பிறகு, நார் அறாத வளைவு கிடைத்தது. சன்னமாயிருந்தும் உறுதி குன்றவில்லை.

மரத்துண்டுகள் 6, திருகாணிகள் 10, மரைகள் 2. நாற்காலி முழுவதும் இவ்வளவே. பிரித்து அடுக்கினால் ஒரு கனமீட்டர் பெட்டியில் 36 நாற்காலிகள் அடங்கின. ஆகவே கப்பற்கூலியும் சொற்பம். ஐரோப்பாவின் காப்பிக் கடைகள் இதை விரும்பி வாங்கின. 1930-க்குள் சுமார் 5 கோடி விற்றதாகச் சொல்கிறார்கள்.

பிரம்பு பின்னிய அந்த வட்ட ஆசனத்துக்கு மூலையே கிடையாது. தவழும் குழந்தையுள்ள தாய்மார்களுக்கு அதன் அருமையை நாம் எடுத்துரைக்கவும் வேண்டுமோ?