வெட்கம் வேண்டாம்!

மலத்தோடு ரத்தம் போனால் நம் பெண்கள் வெளியே மூச்சு விடுவதில்லை. “உடம்புச் சூடுதான், மோர் குடித்தால் சரியாகிவிடும்” என்று தாமே தீர்ப்பும் சொல்லிக் கொள்கிறார்கள்!

பல சமயம் அது மூலமாகவோ, மலச்சிக்கலால் உண்டான வெடிப்பாகவோதான் இருக்கும். பிரசவத்துக்குப் பின் இவை சகஜம். கீரை, பழம், தண்ணீர் தாராளமாகச் சேர்த்தால் குணம் தெரியும்.

ஆனால் நிறத்தைக் கவனியுங்கள். பளிச்சென்ற சிவப்பு பெரும்பாலும் ஆசனவாய் அருகிலிருந்து வருவது. கருஞ்சிவப்பானால் குடலில் இன்னும் உள்ளேயிருந்து வரலாம். தார் போல் கறுத்துப் பிசுபிசுத்தால் இரைப்பையில் புண் இருக்கக்கூடும். அன்றே டாக்டரிடம் போக வேண்டும். பீட்ரூட் தின்றால் சிவக்கும், இரும்புச் சத்து மாத்திரையால் கறுக்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

ரத்தம் நிற்காவிட்டாலோ, தலை சுற்றினாலோ உடனே ஆஸ்பத்திரிதான். 45 வயதைத் தாண்டியவர்கள், காரணமின்றி இளைத்தவர்கள், சோகை பிடித்தவர்கள், மலம் கழிக்கும் வழக்கம் சில வாரங்களாக மாறியிருப்பவர்கள், பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ குடலில் புற்று கண்டவர்கள், இவர்கள் யாரும் தாமதிக்கக் கூடாது. மூலம் உள்ளவருக்கே புற்றும் இருக்கலாம் அல்லவா? ஆரம்பத்திலேயே கண்டுகொண்டால் குணப்படுத்த வழி உண்டு.

ஆண் டாக்டரிடம் சொல்லக் கூச்சமா? லேடி டாக்டரிடம் போங்கள். சொல்லாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்!