உரிவது அழுக்கன்று, தோல்



"முகம் எரிகிறதா? தோல் உரிகிறதா? அப்படியானால் களிம்பு வேலை செய்கிறது என்று பொருள்!"

இரவுச் சந்தையிலும் இணையக் கடைகளிலும் முகத்தை வெளுக்கச் செய்யும் களிம்புகளை விற்போர் அடிக்கடி சொல்லும் வாசகம் இது. சென்ற ஆண்டு ஒரு தாயின் வாயிலிருந்தே இதைக் கேட்டேன். ஆறாம் ஆண்டில் பயிலும் அவருடைய மகளின் கன்னங்கள் சிவந்து, மூக்கின் ஓரம் செதில் செதிலாக உரிந்திருந்தது. நான் அதைச் சுட்டிக்காட்டியபோது, "அழுக்கெல்லாம் வெளியேறுது டீச்சர், ரெண்டு வாரத்துல பளிச்சுனு ஆயிடும்" என்றார். அவரிடம் தீய எண்ணம் ஏதுமில்லை. மகள் இடைநிலைப்பள்ளிக்குப் போவதற்குள் 'கொஞ்சம் நிறமாக' வேண்டுமென்ற ஆசை. அவ்வளவுதான்.

ஆனால் அவர் நம்பியது முழுப் பொய். உரிவது அழுக்கன்று, தோல்.

தோலின் மேற்பரப்பில் தாளினும் மெல்லியதோர் அடுக்கு உள்ளது. செங்கல்லை அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்து பூசியதுபோல, இறந்த உயிரணுக்களும் அவற்றிடையே கொழுப்புமாக அமைந்த மதில் அது. உள்ளிருக்கும் ஈரத்தை வெளியே விடாமலும், வெளியிலிருக்கும் கிருமியையும் நச்சையும் உள்ளே விடாமலும் காப்பது அம்மதில்தான். அதன் தன்மை சற்றே புளிப்பானது. அமில அளவுகோலில் ஏறத்தாழ 5 எனலாம். நாம் குளிக்கும் சாதாரணச் சவர்க்காரமோ 9, 10 என்னும் அளவில் காரமானது. எனவே ஒரு நாளில் நான்கைந்து முறை சவர்க்காரம் போட்டு முகத்தைத் தேய்ப்பதே அம்மதிலைச் சிதைக்கப் போதும். பழுதடைந்த மதிலின் வழியே ஈரம் வெளியேறுகிறது, தோல் வறண்டு இழுக்கிறது, அதுவரை ஒன்றும் செய்யாத பொருளும் சுள்ளென்று எரிகிறது. எரிச்சல் என்பது தோல் நம்மிடம் போதும் என்று சொல்லும் மொழி. அதைத்தான் விற்பனையாளர்கள் வெற்றியின் அடையாளமாக மாற்றிவிட்டார்கள்!

ஏழே நாளில் முகத்தை வெளுக்க வைக்கும் களிம்பில் அப்படி என்னதான் இருக்கிறது? நமது சுகாதார அமைச்சின்கீழ் இயங்கும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம், அதாவது என்பிஆர்ஏ, ஆண்டுதோறும் தடைசெய்யும் ஒப்பனைப் பொருள்களைப் பற்றிய அறிவிப்புகளில் திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின், பீட்டாமெத்தசோன் ஆகியவை. இவற்றுள் பின் மூன்றும் மருத்துவர் அளவறிந்து, காலமறிந்து தர வேண்டிய மருந்துகள். பாதரசமோ முகத்திற்கு எவ்வகையிலும் ஆகாத நஞ்சு. நிறமி உருவாவதைத் தடுப்பதால் முகம் வெளுப்பதுபோல் தோன்றும். அதே பாதரசம் தோல்வழியே உடலுள் புகுந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். துண்டு, தலையணை உறை வழியாக அதே வீட்டுக் கைக்குழந்தைக்கும் பரவக்கூடும். 2013ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா அனைத்துலக ஒப்பந்தம் பாதரச ஒப்பனைப் பொருள்களை ஒழிக்க முனைந்ததற்குக் காரணம் இதுவே.

பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகளின் சூழ்ச்சி வேறு வகையானது. முதல் வாரம் சிவப்பு அடங்கும், பரு வற்றும், முகம் பொலியும். மாதக் கணக்கில் பூசினால் தோல் மெலிந்து நரம்பு தெரியும். நிறுத்தினாலோ முன்னைவிடக் கடுமையாகச் சிவந்து எரியும். உடனே என்ன தோன்றும்? "களிம்பை விட்டதால்தான் இப்படி" என்று தோன்றும். மீண்டும் அதே கடைக்கு ஓடுவோம். நோயை உண்டாக்கி, அதற்கு மருந்தாகத் தன்னையே விற்கும் பொருள் வேறொன்றை நான் கண்டதில்லை. நெடுநாள் பூசியவர்கள் நிறுத்துவதற்குமுன், அந்தப் புட்டியையே கையில் எடுத்துக்கொண்டு அரசாங்கச் சுகாதார மருந்தகத்திற்குச் செல்வது நலம். மருத்துவருக்கு அப்புட்டிதான் முதல் சாட்சி.

நம் நாட்டில் விற்கும் ஒப்பனைப் பொருளுக்கு 'என்-ஓ-டி' என்னும் எழுத்துகளுடன் தொடங்கும் அறிவிப்பு எண் இருக்க வேண்டும். அதை என்பிஆர்ஏ இணையத்தளத்தில் சரிபார்க்கலாம். எண்ணை அச்சிட்டிருந்தால் மட்டும் போதாது. பொய் எண்ணை அச்சிடுவோரும் உளர். மெய்யான எண்கூட, அரசு சோதித்து நற்சான்று கொடுத்ததன் அடையாளமன்று. விற்பனைக்கு முன் அறிவித்தார்கள் என்பதன் அடையாளமே.

"டீச்சர், அப்படியானால் இயற்கைப் பொருளே போடலாமே" என்பார்கள். எலுமிச்சைச் சாற்றைப் பூசிக்கொண்டு வெயிலில் நின்றால் தோல் வெந்து கொப்புளித்துக் கருந்தழும்பு விழும். இதுவும் இயற்கைதான்! பருவின்மேல் பற்பசை வைப்பதும் இத்தகைய வழக்கமே. மஞ்சள் பலருக்கு ஒத்துக்கொள்ளும், சிலருக்கு ஒவ்வாது. எரிந்துகொண்டிருக்கும் முகத்தில் எதையும் சோதித்துப் பார்க்கலாகாது.

அப்படியானால் என்ன செய்வது? மருந்துக் களிம்பல்லாத மற்ற எல்லாவற்றையும் நிறுத்துவது. வெதுவெதுப்பான நீரில் முகத்தைக் கழுவி, தேய்க்காமல் ஒற்றியெடுத்து, மணமில்லாத ஈரப்பதக் களிம்பையோ வெறும் வாசலினையோ மெல்லப் பூசி, வெயிலுக்குத் தொப்பி அணிந்து காத்திருப்பது. மேல்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறத்தாழ நான்கு வாரம் ஆகும். இதில் விற்பதற்கு ஒன்றுமில்லை என்பதால் இதற்கு விளம்பரமும் இல்லை. இரண்டு வாரத்தில் தணியாவிட்டாலோ, நீர் கசிந்தாலோ, கண்ணிமை வீங்கினாலோ மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

களிம்புக்காரர்களை மட்டும் ஏசிவிட்டு நகர்ந்துவிட எனக்கு மனமில்லை. பன்னிரண்டு வயதுச் சிறுமிக்குத் தன் முகம் போதாது என்று முதலில் சொன்னவர் யார்? கடைக்காரர் அல்லர். வீட்டில் சிற்றன்னையும் அத்தையும் விளையாட்டாகச் சொல்லியிருப்பார்கள். பள்ளியில் நாம் வாயால் சொல்வதில்லை, செயலால் சொல்கிறோம். நாடகத்தில் இளவரசி வேடம் யாருக்குப் போகிறது, அரக்கி வேடம் யாருக்குப் போகிறது என்று நம்முள் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? 2020ஆம் ஆண்டில் 'பேர் அண்ட் லவ்லி' என்னும் களிம்பு 'குளோ அண்ட் லவ்லி' எனப் பெயரை மாற்றிக்கொண்டது. ஒரு வணிக நிறுவனமே கூச்சப்பட்டுக் கைவிட்ட சொல்லை நாம் மேடையில் இன்னும் பூசிக்கொண்டிருக்கிறோம்.

ஆண்டிறுதிக் கலைநிகழ்ச்சிக்கான குழு அடுத்த வாரம் கூடுகிறது. நடனமணிகளின் ஒப்பனை அவரவர் நிறத்திற்கேற்ப இருக்க வேண்டும் என்றும், முகம் சிவந்திருக்கும் பிள்ளைக்கு ஒப்பனையே வேண்டாம் என்றும் எழுத்துவழிக் கோரவிருக்கிறேன். நேற்று ஒப்பனைப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். மூன்று மாவுப் புட்டிகள் இருந்தன. மூன்றும் எங்கள் மாணவியருள் ஒருத்திக்கும் பொருந்தாத வெளிர்நிறம்.