மண்ணைச் சோதிக்காமல் மனையா?

குடவாசல் தாலுகாவில் சித்திரை வெயிலில் களிமண் வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதைப் பார்க்காத விவசாயத் தொழிலாளி உண்டா? அதே வயல் ஐப்பசி மழையில் ஊறிப் பொங்கும். தண்ணீர் கண்டால் உப்புவதும், காய்ந்தால் சுருங்குவதும் அந்தக் களிமண்ணின் குணம். அதன்மேல் ஆழமில்லாத அஸ்திவாரம் போட்டால் சுவர் வெடிக்கும், தரை விம்மும்.

இதை முன்கூட்டியே அறிய வழி இருக்கிறது. மனையில் குழி தோண்டி, ஆழத்துக்கு ஆழம் மண் எடுத்து, எவ்வளவு உப்புகிறது, எவ்வளவு பாரம் தாங்கும், நிலத்தடி நீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று சோதிக்க வேண்டும். உயரமான அடுக்குமாடி கட்டுகிற முதலாளியிடம் மண் சோதனை அறிக்கை கேட்கிறார்கள். ஆலையில் கனத்த எந்திரத்தை நிறுத்துமுன் அடிமண் தாங்குமா என்று பார்க்கிறார்கள். எந்திரத்துக்கு உள்ள மதிப்பு, அதை ஓட்டுகிற மனிதனின் வீட்டுக்குக் கிடையாதா?

நடப்பது என்ன? மனை வியாபாரி நஞ்சையை வாங்குகிறான். தாளையும் சேற்றையும் அகற்றாமல் லாரி லாரியாகச் சவுடு கொட்டுகிறான். மேலே மட்டம் தட்டிக் கல் நடுகிறான். முக்கால் அடிக்கு ஓர் அடுக்காக மண்ணைப் பரப்பி, பதமாக நனைத்து, ரோலர் ஓட்டி, ஒவ்வோர் அடுக்கும் இறுகியதா என்று சோதிப்பதே முறை. அதைச் செய்தால் லாபம் குறையுமே! கொட்டிய மண் நாளாவட்டத்தில் அமுங்கும். சீட்டுக் கட்டியும் கடன் வாங்கியும் தொழிலாளி எழுப்பிய வீடும் அதோடு இறங்கும். விற்றவன் பணத்தோடு போய்விடுவான்!

கேடு அதோடு நிற்கவில்லை. மேடாக்கிய மனைக்கடியில் வடிகால் வாய்க்கால் புதைகிறது. குடமுருட்டிக்கும் சோழசூடாமணிக்கும் வடியவேண்டிய மழைநீர், பள்ளத்தில் குடியிருக்கும் கூலிக்காரர் தெருவில் புகுகிறது.

2020-ல் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தது. புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைத் தடுத்தது நல்லதே. ஆனால் அந்தத் தடைப்பட்டியலில் மனை வியாபாரம் இல்லை! 2016-ல் அங்கீகாரமற்ற மனைகளைப் பதியக்கூடாதென்று சென்னை உயர்நீதிமன்றம் தடுத்தது. 2017-ல் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்தச் சர்க்கார் வழி செய்தது. காகிதம் சரியாயிற்று, அடியிலுள்ள மண் சரியாயிற்றா?

"சோதனைச் செலவை ஏழை எப்படித் தாங்குவான்?" என்று கண்ணீர் வடிப்பவர்களும் உண்டு. ஏழை ஏன் தாங்க வேண்டும்? 6 ஆண்டுகளில் 8 லட்சம் வீடுகள், வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் என்று 2024-ல் கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தைச் சர்க்கார் அறிவித்தது. ஒரு குடியிருப்பு முழுவதற்கும் சில குழிகள் போதும். வீட்டுக்கு வீடு பங்கிட்டால் செலவு சொற்பமே. அதை மிச்சம்பிடித்து, வெடித்த சுவரைக் கையில் கொடுப்பதா சிக்கனம்?

போராடித்தான் 1971-ல் குடியிருப்பு மனைக்குச் சட்டப்படி உரிமை பெற்றோம். அந்த மனை நம்மைத் தாங்கவும் வேண்டும். ஆகவே கேட்போம்:

பட்டா மனைக்குச் சர்க்கார் செலவில் மண் சோதனை!

நிரப்பிய மண் இறுகியதற்கும், வடிகால் திறந்திருப்பதற்கும் சான்று இல்லாத மனைப்பிரிவுக்கு அனுமதி இல்லை!

சோதனை அறிக்கை தமிழில், கிராம சபையில், எல்லோர் முன்னிலையிலும்!

வரும் கிராம சபையில் இதைத் தீர்மானமாக்குங்கள். கல் நட்ட பிறகு கேட்டுப் பயனில்லை; மண் கொட்டும் முன்பே கேளுங்கள்!