கரை சேரும் படங்கள்

கானடா தேசத்தில் டாம் தாம்ஸன் என்றொரு சித்திரக்காரர் இருந்தார். 1912-ஆம் வருஷத்தில் நண்பர் ஒருவருடன் 'கனூ' என்னும் மெல்லிய துடுப்புப் படகில் ஏறி, ஆன்டாரியோ மாகாணத்துக் காட்டு நதிகளில் இரண்டு மாத காலம் சுற்றினார். வனவிலங்குகளைப் போட்டோப் பிடித்தார், சித்திரங்களும் தீட்டினார். பிரயாணம் முடியும் தறுவாயில், பாறைகளுக்கிடையே நீர் பாயும் ஓரிடத்தில் படகு கவிழ்ந்தது. ஆட்கள் பிழைத்தார்கள். படச் சுருள்களிலும் சித்திரங்களிலும் பெரும்பகுதி ஆற்றோடு போயிற்று.

இன்று படச் சுருளுக்குப் பதிலாக நகமளவு நினைவட்டை வந்திருக்கிறது. ஆற்றின் சுபாவம் மாத்திரம் மாறவில்லை. ஆகவே, இத்தகைய பிரயாணம் செய்யும் அன்பர்களுக்குச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

வாயைச் சுருட்டி மூடும் ரப்பர்ப் பைகள் மழைக்கும் தெறிக்கும் நீருக்கும் போதும். வாயை மூன்று சுற்றாவது சுருட்ட வேண்டும். படகு கவிழ்ந்து முழுகினால் அவற்றை நம்புவதற்கில்லை. அதற்கு, மூடியில் ரப்பர் வளையம் பதித்த கெட்டிப் பெட்டியே தகுந்தது. அவ்வளையத்தில் ஒரு தலைமயிரோ மணல் துகளோ சிக்கினாலும் நீர் புகுந்துவிடும். பெட்டிக்குள் பழைய காகிதத்தை வைத்து, தொட்டி நீரில் அரைமணி நேரம் அமிழ்த்திப் பாருங்கள். இந்தப் பரீட்சையை வீட்டிலேயே நடத்திவிட வேண்டும். ஆற்றில் மறுபரீட்சை கிடையாது!

பெட்டிக்குள்ளேயே உறங்கும் காமிரா படம் பிடிப்பதில்லை என்பதும் உண்மைதான். அமைதியான நீரில் தாராளமாக வெளியே எடுக்கலாம். ஆற்றின் இரைச்சல் காதில் விழுந்தவுடனே மூடித் தாழிட்டுவிட வேண்டும். ஈரக்கையைத் துடைக்க ஒரு துண்டும் அருகில் இருக்கட்டும். குளிரில் கிடந்த காமிராவை வெப்பமான கூடாரத்துக்குள் கொண்டுபோனால், குளிர்ந்த நீர் வைத்த செம்பைப் போல் அது வேர்க்கும். கூடாரத்தின் சூடு அதற்கும் ஏறும் வரையில் பெட்டியைத் திறவாதிருப்பதே நலம்.

ஒருவேளை நனைந்துவிட்டால், ஆசைப்பட்டு விசையை அழுத்திப் பார்க்காதீர்கள். மின்கலத்தைக் கழற்றிக் காற்றாட வையுங்கள். அரிசியில் புதைப்பது அதைவிட மேலான வைத்தியமன்று.

எல்லாவற்றிலும் முக்கியமான விஷயம் ஒன்றுண்டு. காமிராவை மறுபடியும் விலைக்கு வாங்கலாம். பிடித்த படத்தை வாங்க முடியாது. எனவே இரவுதோறும் நினைவட்டையைக் கழற்றி, நீர் புகாத சிறு டப்பியில் அடைத்துச் சட்டைப்பைக்குள் பொத்தானிட்டு வையுங்கள். காமிரா போனாலும் படங்கள் உங்களுடன் கரை சேரும்.

ஆனால் நீங்கள் கரை சேர வேண்டுமே! அதே தாம்ஸன் 1917-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில், ஆல்கான்க்வின் வனத்து ஏரியொன்றில் தனியே படகேறிச் சென்றவர் உயிரோடு திரும்பவில்லை. ஆதலால் முதலில் மிதவை அங்கியை அணிந்துகொள்ளுங்கள். காமிராப் பெட்டியைப் பூட்டுவது அதற்கப்புறம்.